எக்ஸ்ரேயில் தெரியாத கீறல்

சுப்ஹுத் தொழுகையை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, வாலாஜாபாத் சாலைகளில் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதை அன்றாடம் காண்கிறோம். காவலர் தேர்வின் எழுத்துத் தேர்வு முடிவுகள் வெளியாகிவிட்டால் இந்தக் கூட்டம் இரு மடங்காகிவிடும். உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும்; பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடிக்குள் கடக்க வேண்டும். அதுவரை புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள், எஞ்சியிருக்கும் சில வாரங்களில் இந்தத் தகுதியைப் பெற்றுவிட வேண்டும் என்று திடீரென்று ஓடத் தொடங்குகிறார்கள். காலில் இருப்பது தேய்ந்துபோன பழைய கேன்வாஸ் ஷூ. சிலருக்கு அதுவும் இல்லை. ஓடும் தரையோ தார்ச் சாலை, அல்லது சிமெண்டுச் சாலை.

என்னிடம் சிறு வயதில் மாலை மதரஸாவில் ஓதிய ஒரு மாணவரும் அப்படி ஓடியவர்தாம். மூன்றாவது வாரத்தில் வலது பாதத்தின் மேற்புறம் வலித்தது. ஓடும்போது வலி, உட்கார்ந்தால் இல்லை. அக்கம்பக்கத்தார் சொன்னபடி எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார்கள். வலி கூடவே, மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குதான்" என்று கூறி வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எலும்பில் ஒன்றுமில்லை என்ற சொல் அந்த வீட்டுக்கு எவ்வளவு நிம்மதியளித்திருக்கும்! மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளே ஓடினார். பதினோராம் நாள், ஓட்டத்தின் நடுவே குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம். அதற்குமேல் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இரண்டாவது எக்ஸ்ரேயில் நடுவிரலுக்கு நேரே பாதத்தில் உள்ள நீள எலும்பு இரண்டாக முறிந்து விலகியிருந்தது. தேர்வு நாள் அவர் கட்டுடன் படுத்திருக்கையில் கடந்து போயிற்று.

அவருடைய அத்தா என்னிடம் வந்து கேட்டார்: "அஜ்ரத், மொதல்ல எடுத்த படத்துல ஒண்ணுமே இல்லேன்னாங்களே! பதினோரு நாள்ல எலும்பு எப்படி ஒடிஞ்சது? எங்கள ஏமாத்திட்டாங்களா?"

நான் மருத்துவன் அல்லன். கலைப் பட்டம் பெற்ற ஒரு மதரஸா ஆசிரியன். ஆயினும் அந்தக் கேள்விக்கு விடை தேடி எலும்பு மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை வாசக சகோதர சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதுகிறேன்.

படைவீரர்களின் பாதம்

இந்த முறிவை மருத்துவ உலகம் முதலில் கண்டது விளையாட்டு வீரர்களிடம் அன்று, படைவீரர்களிடம். 1855-ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டுப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் என்பவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்கள் அடிபடாமலேயே வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். எலும்பில்தான் கோளாறு என்று அவரால் காண முடியவில்லை. அப்போது எக்ஸ்ரே இல்லை. ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-இல். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1897-இல், ஸ்டெக்கோவ் என்ற மற்றொரு படை மருத்துவர் அதே பாத வீக்கத்தைப் படமெடுத்துப் பார்த்து, உள்ளே எலும்பு முறிந்திருப்பதைக் காட்டினார். இன்றும் இதற்கு 'அணிநடை முறிவு' என்ற பெயர் மருத்துவ நூல்களில் உண்டு.

இதைப் படித்தபோது நம் ஊரின் நினைவு வந்தது. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா (ஆட்சிக்காலம் 1749 - 1795) பெயரால் அமைந்த இவ்வூர் ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைமுகாமாக இருந்தது. பாலாற்றங்கரையில் கனத்த பூட்சுடன் நடைபழகிய சிப்பாய்களில் எத்தனை பேர் இந்த வலியைச் சுமந்துகொண்டு நடந்தார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

எலும்பு ஏன் விரிசல் விடுகிறது?

எலும்பைக் கல் போன்ற உயிரற்ற பொருளாக நாம் எண்ணிவிடுகிறோம். அது நாள்தோறும் இடிக்கப்பட்டுக் கட்டப்படும் வீடு. பழைய சுவரை வலுப்படுத்த வரும் கொத்தனார் முதலில் உளுத்த செங்கற்களைப் பெயர்த்தெடுக்கிறார். பிறகுதான் புதுச் செங்கல் வைக்கிறார். பெயர்த்தெடுக்கும் அணுக்கள், கட்டும் அணுக்கள் என இரு வகை அணுக்கள் எலும்பினுள் இந்த வேலையைச் செய்கின்றன. வழக்கத்துக்கு மேல் பளு ஏறினால் எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ள முற்படுகிறது. பெயர்க்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும்; கட்டி முடிக்கவோ சில மாதங்களாகும். ஆகவே புதிதாக ஓடத் தொடங்கியவரின் எலும்பு, மூன்றாவது, நான்காவது வார வாக்கில் முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கிறது. மூச்சு பழகிவிட்டது, தசை பழகிவிட்டது, இன்னும் வேகமாக ஓடலாம் என்று பிள்ளை நினைக்கும் அதே நாட்களில்தான் எலும்பு செங்கல் பெயர்ந்த சுவராக நிற்கிறது. எம் மாணவருக்கு வலி தொடங்கியது மூன்றாவது வாரத்தில் என்பதை நினைவில் கொள்க.

முதலில் உண்டாவது மயிரிழை போன்ற நுண்ணிய கீறல். எக்ஸ்ரே அந்த அளவு நுட்பமான கீறலைக் காட்டாது. கீறலைச் சுற்றி உடல் புதிய எலும்பைச் சேர்க்கத் தொடங்கி, அது ஓரளவு கெட்டியான பிறகே படத்தில் நிழல் விழும். அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. வலி தொடங்கிய முதல் சில நாட்களில் எடுக்கும் எக்ஸ்ரே, பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை என்றே காட்டும். இரண்டாவது படத்தைப் பார்த்த மருத்துவர், முறிந்த இடத்தைச் சுற்றிப் பஞ்சு போன்ற புது எலும்பு படர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதாவது முதல் படம் எடுத்த அன்றே கீறல் இருந்திருக்கிறது, உடல் அதை ஆற்றவும் முயன்றிருக்கிறது, நாம்தாம் ஆறவிடவில்லை.

எனவே அந்த அத்தாவுக்கு நான் கூறிய விடை: யாரும் ஏமாற்றவில்லை, படம் உள்ளதைத்தான் காட்டியது. ஆனால் "எலும்பில் ஒன்றுமில்லை" என்பதற்குப் பதிலாக, "இப்போதைக்குப் படத்தில் தெரியவில்லை, ஓடாதே, இரண்டு வாரம் கழித்து வா" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓர் இளைஞனின் ஓராண்டு.

விரல் நுனியே முதல் கருவி

நல்ல மருத்துவர் படத்தைப் பார்க்குமுன் பாதத்தைப் பார்க்கிறார். சுளுக்கு வலி பரவலாக இருக்கும். கீறல் வலி ஒரு புள்ளியில் நிற்கும். ஒற்றை விரல் நுனியால் எலும்பின் மேல் அழுத்திக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் பிள்ளை "ஆ" என்று காலை இழுத்துக்கொள்வான். அந்த இடத்தின் மேல்தோல் சற்று வீங்கியிருக்கலாம். வலியின் நடையும் ஒரு சான்று: முதலில் ஓட்டத்தின் முடிவில் மட்டும் வலிக்கும்; பிறகு ஓடத் தொடங்கியதுமே; அதன்பின் நடக்கும்போதும்; கடைசியில் படுத்திருக்கும்போதும். அண்மையில் பயிற்சி கூடியதா, தரை மாறியதா, ஷூ மாறியதா என்று கேட்பதும் பரிசோதனையின் பகுதியே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவீ, முப்பது பாகங்கள் கொண்ட 'அத்-தஸ்ரீஃப்' நூலில் எலும்பு முறிவுகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். முறிவைக் கண்டறிய அவரிடம் இருந்தவை கண்ணும் கையும்தாம். கருவிகள் மலிந்த இக்காலத்தில் கையால் தொட்டுப் பார்ப்பது குறைந்து வருவது வருத்தத்திற்குரியது.

ஐயம் இருந்தால் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பர். கீறல் விழுமுன்னரே எலும்பினுள் நீர் கோத்துக்கொள்வதைக்கூட அது காட்டிவிடும். எல்லாருக்கும் அது தேவை என்பதில்லை. புள்ளி வலி தெளிவாக இருந்து, இடமும் ஆபத்தில்லாத இடமாயின், படமின்றியே கீறல் என்று கொண்டு ஓய்வு கொடுத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தாலே போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் எடுக்கப்படுகிறது. நம் பகுதியினருக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரத்தில் உள்ளது.

பி.வி. சிந்துவின் செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். 2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில், கால் இறுதி ஆட்டத்திலேயே அவருக்கு இடது பாதத்தில் வலி ஏற்பட்டது. வலியோடு ஆடி, ஆகஸ்ட் 8 அன்று இறுதி ஆட்டத்தில் கனடாவின் மிஷெல் லீயை வென்று தங்கம் பெற்றார். ஐதராபாத் திரும்பியதும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்; பாத எலும்பில் அழுத்த முறிவு. அதே மாதம் டோக்கியோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியிலிருந்து விலகினார். மீண்டும் சர்வதேசக் களத்தில் இறங்கியது 2023 ஜனவரியில், மலேசியாவில். ஏறத்தாழ ஐந்து மாதங்கள்! நாட்டின் சிறந்த மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் உடனிருந்த ஒருவருக்கே இவ்வளவு காலம் ஆயிற்று என்றால், பத்து நாள் ஓய்வில் சரியாகிவிடும் என்று நம் பிள்ளைகள் நினைப்பது எத்தகைய அறியாமை!

சிந்து வலியோடு ஆடித் தங்கம் வாங்கினாரே என்று எதிர்வாதம் செய்பவர்கள் உண்டு. வலியை மீறி ஆடுவதன் விலையையும் அவர்கள் அறிய வேண்டும். சீனத்தின் கூடைப்பந்து வீரர் யாவ் மிங், 2008 பிப்ரவரியில் இடது பாதத்தில் அழுத்த முறிவுக்கு ஆளானார். மார்ச்சில் அறுவை சிகிச்சை. ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்காக ஆடினார். 2009-இல் அதே பாதத்தில் மீண்டும் முறிவு, மீண்டும் அறுவை சிகிச்சை. 2011 ஜூலையில் 30 வயதில் ஓய்வு பெற்றார். பாதம் அன்று, கணுக்காலுக்கு மேலுள்ள முழங்கால் தண்டு எலும்பு என்றாலும், இம்ரான் கானின் கதையும் இத்தகையதே. 1982-83 தொடரில் இந்தியாவுக்கு எதிராக ஆறு டெஸ்டுகளில் 40 விக்கெட்டுகள் எடுத்தவர், அந்த எலும்பு முறிவால் 1983 உலகக் கோப்பையில் ஒரு பந்துகூட வீசாமல் மட்டையாளராக மட்டும் ஆட நேர்ந்தது.

எந்த எலும்பு என்பதே முக்கியம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அழுத்த முறிவு அதிகம் வருவது விரல்களுக்குப் பின்னே உள்ள ஐந்து நீள எலும்புகளில், குறிப்பாக இரண்டாவதிலும் மூன்றாவதிலும். இவை நல்ல இடங்கள். ஓய்வு கொடுத்தால் தாமே கூடிவிடும். ஓட்டம், குதித்தல் ஆகியவற்றை அறவே நிறுத்தி, அடிப்பாகம் வளையாத கெட்டியான காலணியோ, முழங்காலுக்குக் கீழே அணியும் பூட்டோ போட்டுக்கொண்டு ஆறிலிருந்து எட்டு வாரம் இருந்தால் போதும். நடப்பதே வலித்தால் சில நாள் ஊன்றுகோல். பெரும்பாலோருக்கு மாவுக்கட்டு தேவைப்படாது. கூடியிருக்கும்போதே ஓடி, முறிவு விலகிவிட்டால்தான் எம் மாணவரின் கதி.

ஆபத்தான இடங்கள் இரண்டை மட்டும் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, பாதத்தின் மேற்புறம், கணுக்காலுக்குச் சற்று முன்னே, உட்பக்கமாக உள்ள படகு வடிவ எலும்பு. இதன் நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. எனவே கீறல் எளிதில் கூடாது. இங்கே வலி என்றால் ஆறிலிருந்து எட்டு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. மாவுக்கட்டுடன் இருக்க வேண்டும். கீறல் பெரிதாயிருந்தால் திருகாணி வைத்து அறுவை சிகிச்சை செய்வர். மற்றொன்று, சுண்டுவிரலுக்கு நேர் பின்னே, பாதத்தின் வெளிவிளிம்பில் உள்ள நீள எலும்பின் அடிப்பகுதி. 1902-இல் ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் நடனமாடும்போது தமக்கே ஏற்பட்ட முறிவை வைத்து இந்த இடத்தைப் பற்றி எழுதினார். அவருடையது திடீரென நேர்ந்த முறிவு. ஓடுபவர்களுக்கு அதற்குச் சற்று முன்னே மெல்ல மெல்லக் கீறல் விழுகிறது. இதற்கும் காலை ஊன்றாத ஓய்வு, அல்லது எலும்பினுள் திருகாணி. இவ்விரு இடங்களிலும் "பார்த்துக்கொள்ளலாம்" என்பதே கூடாது.

புத்தூர்க் கட்டுக்குப் போகலாம் என்பார் ஒருவர். நல்லெண்ணெய் காய்ச்சி உருவினால் போய்விடும் என்பார் இன்னொருவர். கட்டு யார் போட்டாலும் எந்த எலும்பு என்று தெரியாமல் போடுவது முறையன்று. உருவிவிடுவதோ கீறல் விட்ட எலும்பைக் கையால் வளைத்துப் பார்ப்பதற்குச் சமம். வலி மாத்திரையும் ஓட்டமும் சேர்ந்தால் அது இன்னும் மோசம். வலி என்பது அல்லாஹ் வைத்த காவல்காரன். அவன் வாயைக் கட்டிவிட்டு வீட்டைத் திறந்துபோடலாமா?

பெண் பிள்ளைகளும் வீட்டு உணவும்

ஓட்டமும் விளையாட்டும் பெண்களுக்கு ஆகாதவை என்று கருதுவோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்ததும், முதல் முறை அன்னையாரே வென்றதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ள செய்தி. அதனால் அதைப் பற்றி நான் வாதிடப் போவதில்லை. ஆனால் தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயிற்சி எடுக்கும் பெண் பிள்ளை போதிய அளவு உண்ணாவிடில், முதலில் மாதவிலக்கு தவறும். தேர்வு முடியட்டும் என்று அதைச் சிலர் வசதியாகவே நினைக்கின்றனர். மாதவிலக்கு நின்றால் எலும்பைக் காக்கும் சுரப்பு குறைகிறது, எலும்பு மெலிகிறது, கீறல் விழுகிறது. மூன்று மாதம் தொடர்ந்து தவறினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

சுண்ணாம்புச் சத்துக்கு விலையுயர்ந்த மாவு டப்பாக்கள் தேவையில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் மிகச் சிறு பங்குதான். பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்திலி, முருங்கைக்கீரை இவை போதும். வெயிலே படாமல் வீட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு டி வைட்டமின் குறைவு பரவலாகக் காணப்படுகிறது. வீட்டு மொட்டைமாடியில், அந்நியர் பார்வை படாத இடத்தில், கையிலும் காலிலும் சற்று நேரம் வெயில் பட நிற்பதை எந்த மார்க்கச் சட்டமும் தடுக்கவில்லை. குறைவு மிகுதியாயின் இரத்தப் பரிசோதனை செய்து மருந்து தருவர்.

இங்கே பெரியவர்களுக்கும் ஒரு சொல். நீரிழிவு உள்ளவருக்குப் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்து வலி மட்டும் இல்லையென்றால் அது நல்ல செய்தியன்று. உணர்வு மங்கிய பாதத்தில் எலும்புகள் நொறுங்கினாலும் வலி தெரியாது. உடனே காலை ஊன்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும். ஹஜ்ஜுக்குப் புறப்படும் முதியவர்களும் கவனிக்க: வீட்டில் கடைத்தெருவரைகூட நடக்காதவர்கள் தவாஃபிலும் ஸயீயிலும் மினாவிலும் நாள்தோறும் பல கிலோமீட்டர் நடக்க நேர்கிறது. இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே சிறுகச் சிறுக நடந்து பழகுவதே எலும்புக்குச் செய்யும் உபகாரம்.

தொழுகையும் ஒளுவும்

கீறல் உள்ளவருக்குத் தொழுகையில் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. ஸுஜூதிலும் இருப்பிலும் வலது பாதத்தை நட்டு, விரல்களைக் கிப்லாவை நோக்கி மடக்குகிறோம். அப்போது உடல் எடையில் ஒரு பகுதி சரியாக அந்த நீள எலும்புகளின் மேல்தான் விழுகிறது. ஐந்து வேளையும் இப்படிச் செய்தால் பகலெல்லாம் எடுத்த ஓய்வு வீணாகும். இயலாதவர் தமக்கு இயன்ற விதத்தில் அமரலாம். நாற்காலியில் அமர்ந்தும் தொழலாம். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதித்திருப்பதை அறியாதவர் நம்மில் இல்லை. மாவுக்கட்டுப் போட்டிருந்தால் மற்ற உறுப்புகளைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் தடவ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் அத்துடன் தயம்மும் செய்ய வேண்டும். கூடுதல் விவரங்களை அவரவர் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்வது நலம்.

மீண்டும் ஓட்டம்

நபித்தோழர் ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள், ஒட்டகங்களைக் கொள்ளையடித்துச் சென்ற குதிரைவீரர்களைத் தனியொருவராகக் கால்நடையாகவே துரத்தி மீட்ட வரலாற்றை மதரஸாப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அவர்கள் கண்கள் மின்னும். எம் மாணவருக்கும் மிகப் பிடித்த வரலாறு அது. மூன்று மாதம் ஓடாமல் இருந்த காலத்தில் அதைச் சொல்லி, ஸலமா (ரலி) ஒரே மாதத்தில் ஓட்டம் பழகியவர் அல்லர் என்று நான் அவரைச் சமாதானப்படுத்துவேன்.

விரலால் அழுத்தினாலும் வலியில்லை, வேகமாக நடந்தாலும் வலியில்லை, எக்ஸ்ரேயிலும் கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகே அவர் ஷூவைத் தொட்டார். முதல் இரு வாரம் நடை மட்டும். பிறகு நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம் என மாறி மாறி. வாரந்தோறும் ஓட்டம் சிறிது கூட, நடை சிறிது குறைந்தது. ஓடிய நாளுக்கு மறுநாள் ஓய்வு, அல்லது சைக்கிள். வலி தலைகாட்டினால் ஒரு படி பின்வாங்க வேண்டும் என்பது மருத்துவரின் உத்தரவு. இரண்டு முறை பின்வாங்கினார். தார்ச் சாலையை விட்டுப் பள்ளிக்கூட மைதானத்து மண்ணுக்கு வந்துவிட்டார். புது ஷூ வாங்க அவருடைய அத்தா பெருநாள் துணிச் செலவைக் குறைத்துக்கொண்டார்.

அடுத்த தேர்வு அறிவிப்பு இன்னும் வரவில்லை. வருமுன்னரே ஓடத் தொடங்கிவிட்டதால், இந்த முறை அவருக்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் கையில் இருக்கின்றன. சென்ற வாரம் 1500 மீட்டரை 7 நிமிடம் 20 வினாடியில் ஓடியதாக வந்து சொன்னார். இன்னும் 20 வினாடி. அவசரம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.